எழுத்துண்டு, ஏற்றமில்லை!

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவிலே வழி கேட்டேன். "யூதப்பள்ளிதானே? தெருக்கோடியில்" என்று கை காட்டினார் மிளகுக் கடைக்காரர். மலையாள நாட்டிலே மசூதியும் பள்ளி, மாதா கோயிலும் பள்ளி, யூதர் தொழும் கூடமும் பள்ளி. ஆனால், பத்து மாத காலம் கரும்பலகை முன் நின்று தொண்டை வறளப் பாடம் நடத்திவிட்டுக் கோடை விடுமுறையில் கொச்சிக்கு வந்த ஓர் ஆசிரியன் காதிலே 'பள்ளி' என்ற சொல் விழுந்தால், வேறு எது நினைவுக்கு வரும்? இங்குமா பள்ளி என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

அந்தச் சிரிப்பிலே ஓர் உண்மை இருந்தது. ஐரோப்பாவிலே வாழ்ந்த யூதர்கள் தங்கள் பேச்சு மொழியிலே தொழுகைக்கூடத்தை 'ஷூல்' என்று அழைத்தனர். பள்ளிக்கூடம் என்பதே அச்சொல்லின் பொருள். தொழுவது பாதி, படிப்பது பாதி; அதுவே அவர்கள் கூடம்.

காலணியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே சென்றேன். வெறுங்காலுடன் நுழைவது கொச்சி யூதரின் தனி வழக்கம். இந்த மண்ணின் மணம் வெளிநாட்டிலிருந்து வந்த மார்க்கத்தையும் விட்டுவைக்கவில்லை! 1568ஆம் ஆண்டு எழுந்த கூடம் அது. காலடியிலே, 18ஆம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து கப்பலேறி வந்த நீல ஓவிய ஓடுகள். தலைக்கு மேலே கண்ணாடிச் சரவிளக்குகள். வெளியே மணிக்கூண்டு, அதன் ஒரு முகத்திலே எபிரேய எண்கள், ஒரு முகத்திலே ரோமானிய எண்கள், ஒரு முகத்திலே மலையாள எண்கள். கூடத்தின் நடுவிலே பித்தளைக் கம்பிகள் சூழ்ந்த மேடை. தோரா எனும் மறைச்சுருளை விரித்து, அனைவரும் கேட்க வாய்விட்டுப் படிப்பதற்கென்றே அமைந்த மேடை அது. சிலை இல்லை; தீபாராதனைத் தட்டு இல்லை. நூல் இருக்கிறது, படிப்பவர் இருக்கிறார், கேட்பவர் இருக்கின்றனர்.

தோழர்களே! நூலிலே எழுதியிருப்பதாலேயே ஒன்றை நம்பிவிடுபவர்கள் அல்ல நாம். எனினும், எழுத்தை எல்லோர்க்கும் கொடுத்த ஒரு மக்களைக் கண்டால் போற்றாமல் இருக்க முடியுமா? மறை ஓதும் ஒலி சூத்திரன் காதிலே விழுந்தாலும் குற்றம் என்று சட்டம் எழுதி வைத்த நாட்டிலே, கொச்சி யூதர் வீட்டுச் சிறுவன் ஒவ்வொருவனும் எபிரேய எழுத்தைக் கற்றாக வேண்டும் என்று ஏற்பாடு இருந்தது. தந்தை மிளகு வணிகரா, முட்டை விற்பவரா என்று அந்த எழுத்து கேட்கவில்லை. பெண்களும் வழிபாட்டு நூலைப் படித்தனர். அத்துடன் நிற்காமல், மலையாளத்திலே பாட்டுகளைக் கையேடுகளில் எழுதி வைத்து, தாயிடமிருந்து மகள், மகளிடமிருந்து பேத்தி என்று வழிவழியாகப் போற்றி, மணவீட்டிலும் விழாவிலும் ஆடவர் கேட்கக் கூடிப் பாடினர். அப்பாடல்களின் தொகுப்பு ஒன்று 2005ஆம் ஆண்டு மலையாளமும் எபிரேயமுமாக ஜெருசலத்திலிருந்து நூலாக வெளிவந்தது. பெண்கள் மாடத்திலேதான் அமர வேண்டும், நடுமேடைக்கு வரக் கூடாது என்ற தடை இருந்தது. அதை நான் மறைக்கவில்லை. ஆயினும், ஏடு தொட்ட பெண்ணை ஏளனம் செய்த காலத்திலே, இவர்கள் கையிலே ஏடு இருந்தது.

இவ்வளவையும் எண்ணி மகிழ்ந்தபடி கூடத்தை விட்டு வெளியே வந்தேன். முன்கூடத்திலே நின்றேன். அங்கே, அந்தத் தரையிலே, என் மகிழ்ச்சி உடைந்தது.

இந்தக் கூடத்திற்குப் 'பரதேசி' யூதப்பள்ளி என்று பெயர். நம் ஊரிலே வசையாகிவிட்ட சொல். அங்கே வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்பதே பொருள். ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்தவர்கள் தம்மை வெள்ளை யூதர் என்றனர். அவர்களுக்கு முன்பே பல நூற்றாண்டுகளாக மலபாரிலே வாழ்ந்தவர்களைக் கறுப்பு யூதர் என்றனர். ஏறத்தாழ கி.பி. 1000இல் பாஸ்கர ரவி எனும் சேர மன்னன் யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவனுக்குப் பல்லக்கும் குடையும் பகல்விளக்கும் உரிமையாக்கி, வட்டெழுத்திலே செப்பேடு பொறித்துக் கொடுத்தான். அந்தச் செப்பேட்டுக்கு வாரிசு யார் என்று இரு சாராரும் வழக்காடினர். பெண் கொடுக்கல் வாங்கல் இல்லை. தொழுகை தொடங்கப் பத்து ஆடவர் வேண்டும் என்பது யூதர் விதி. அந்தப் பத்திலே கறுப்பு யூதரை வெள்ளை யூதர் எண்ணவில்லை.

இதற்கும் கீழே ஒரு படி! வெள்ளை யூதர் வீட்டிலே அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் வழித்தோன்றல்கள் – மெஷூஹ்ராரிம். 'விடுவிக்கப்பட்டோர்' என்பது அந்த எபிரேயச் சொல்லின் பொருள். பெயரிலே விடுதலை, வாழ்விலே விலங்கு! அவர்களுக்கும் அதே மறை, அதே மொழி, அதே ஓய்வுநாள். ஆனால், கூடத்தின் இருக்கையிலே அவர்கள் அமரக் கூடாது. முன்கூடத்துத் தரையிலே அமர வேண்டும். இறந்தாலும் இடுகாட்டிலே சம இடமில்லை. எல்லாவற்றினும் கொடிது, மறைச்சுருளைப் படிக்க மேடைக்கு அழைக்கப்படும் உரிமை அவர்களுக்கு இல்லை. அந்த உரிமைக்கு எபிரேயத்திலே 'அலியா' என்று பெயர். ஏற்றம், மேலே ஏறுதல் என்பது பொருள். எழுத்துண்டு, ஏற்றமில்லை!

இது அவர்கள் மறையின் கட்டளையா? கேளுங்கள் கதையை. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கொச்சியிலிருந்து எகிப்துக்கு ஒரு கேள்வி சென்றது: இவர்களோடு நாங்கள் மணவுறவு கொள்ளலாமா? கெய்ரோவிலே வாழ்ந்த பேரறிஞர் தாவீது இப்ன் சிம்ரா விடை எழுதினார்: முறைப்படி மார்க்கத்திலே சேர்க்கப்பட்டிருந்தால் தடையில்லை. தீர்ப்பு வந்தது, திருந்தினார்களா? இல்லை! தீர்ப்பைப் பெட்டியிலே பூட்டினர். தெருவிலே பிரிவினையை நீட்டினர். சாத்திரம் சொல்கிறது, ஆகவே செய்கிறோம் என்று சாதி காப்போர் சொல்லும்போதெல்லாம் இந்தக் கெய்ரோக் கடிதத்தை நினைவில் கொள்ளுங்கள். சாத்திரம் சாதகமாக இருந்தால் சான்று. பாதகமாக இருந்தால் சருகு! யூதர் வரலாற்றிலே பல நாடுகளில் இழிவும் விரட்டலும் கண்டவர்கள். அத்தகைய மக்களையே இந்த மண்ணின் சாதி நோய் பற்றிக்கொண்டது என்றால், அந்த நோயின் வீரியத்தை அளந்து பாருங்கள்.

அந்தத் தரையிலிருந்து ஒருவர் எழுந்தார். ஆபிரகாம் பராக் சேலம் அவர் பெயர். சேலம் என்றதும் நம் மாம்பழ ஊரை நினைக்க வேண்டாம். அது எபிரேயப் பெயர். 1882ஆம் ஆண்டு மெஷூஹ்ராரிம் குடும்பத்திலே பிறந்தவர். சென்னைக்கு வந்து சட்டம் பயின்றார். வழக்கறிஞரானார். 1925 முதல் 1931 வரையிலும், பின்னர் 1939 முதல் 1945 வரையிலும் கொச்சிச் சட்டமன்றத்திலே உறுப்பினராக இருந்தார். 1929ஆம் ஆண்டு லாகூர் காங்கிரசுக்குச் சென்று வந்தார். சட்டமன்றத்திலே ஆசனம் உண்டு. சொந்தச் சமூகத்தின் தொழுகைக்கூடத்திலோ தரைதான்! நீதிமன்றத்திலே எழுந்து வாதாடலாம். மறைமேடையிலே ஏறி ஒரு வரி படிக்கலாகாது!

அவர் அறப்போரைத் தொடங்கினார். கூடத்தைப் புறக்கணித்தும், வழக்கை எதிர்த்து வாதிட்டும், ஆண்டுக்கணக்கில் ஓயாமல் போராடினார். அதே காலத்திலேதான், கொச்சிக்குத் தெற்கே, ஒருநாள் நடையிலே எட்டிவிடக்கூடிய வைக்கத்திலே, கோயிலைச் சுற்றியுள்ள தெருவிலே நடக்கும் உரிமைக்காக 1924இல் போர் மூண்டது. ஈரோட்டிலிருந்து பெரியார் சென்று இருமுறை சிறை புகுந்தார். அங்கே தெரு, இங்கே இருக்கை. அங்கே ஈழவரும் புலையரும், இங்கே விடுவிக்கப்பட்டோர். வழிபடும் தெய்வம் வேறு. வாட்டிய இழிவு ஒன்று. மக்கள் சேலத்தை 'யூத காந்தி' என்றனர். தடைகள் ஒரே நாளில் தகரவில்லை. 1930களிலே இருக்கை கிடைத்தது. அடுத்துவந்த ஆண்டுகளிலே மேடை ஒவ்வொரு படியாக இறங்கி வந்தது. 1950ஆம் ஆண்டு சேலத்தின் மகன் ஒருவருக்கும் வெள்ளை யூதப் பெண் ஒருவருக்கும் திருமணம் நடந்தது. கொச்சியிலே நடத்த வழியின்றிப் பம்பாய்க்குச் சென்று மணம் முடித்தனர். கெய்ரோவிலிருந்து விடை வந்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது!

பிறகு நடந்தது என்ன? 1950களின் நடுவிலே மலபார் யூதர்களிலே மிகப் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். அந்தக் குடிபெயர்ச்சிக்கும் 'அலியா' என்றே பெயர்! அதற்காக உழைத்த சேலம், தாம் மட்டும் கொச்சியிலேயே தங்கி 1967ஆம் ஆண்டு மறைந்தார். இன்று அவர் பெயரிலே மட்டாஞ்சேரியில் ஒரு சாலை இருக்கிறது. பரதேசிக் கூடமும் மெல்ல மெல்ல ஆள் குறைந்தது. பத்து ஆடவர் சேராத நாள் வந்தது. அப்போது, தாங்கள் முன்பு எண்ண மறுத்த அதே மலபார் யூதரை எறணாகுளத்திலிருந்து வரவழைத்துப் பத்தை நிரப்பினர். காலம் எழுதிய தீர்ப்பைப் பாருங்கள்! இன்று கொச்சியிலே எஞ்சியிருக்கும் யூதர்களைக் கைவிரல்களால் எண்ணிவிடலாம். சீன ஓடுகளின் மீது சுற்றுலாப் பயணிகளின் பாதங்கள் நடக்கின்றன.

கல்வி வந்தால் சாதி ஒழியும் என்று மேடைதோறும் பேசுகிறோம். நானும் பேசியிருக்கிறேன், கைத்தட்டும் பெற்றிருக்கிறேன். அந்த முன்கூடத்துத் தரை என்னைக் கேட்டது: "இங்கே எல்லோரும் கற்றிருந்தனரே, ஒழிந்ததா?" கல்வி வேண்டும், ஐயமில்லை, கல்வி இல்லாதிருந்தால் சேலம் ஏது, சட்டம் ஏது? ஆனால் எழுத்தைக் கொடுத்துவிட்டு, எழுந்து படிக்கும் இடத்தைக் கொடுக்காமல் வைத்துக்கொள்ள முடியும். எழுத்தறிந்த அடிமை, எழுத்தறிந்த ஆண்டை – இருவரும் ஒரே நூலைப் படித்தபடி நானூறு ஆண்டுகள் இருக்க முடியும். தரையிலே அமர்ந்தவன் எழுந்து நின்று, ஏன் என்று கேட்ட பிறகே மேடை அசைகிறது.

ஊர் திரும்பும் இரயிலிலே, என் வகுப்பறை நினைவுக்கு வந்தது. செய்யுளை வாய்விட்டுப் படிக்க, மேசையருகே நான் அழைக்கும் பிள்ளைகள் யார் யார் என்று எண்ணிப் பார்த்தேன். ஏழு பெயர்கள் வந்தன. ஏழும் முன்வரிசை. குரல் தெளிவு, உச்சரிப்பு நன்று என்று அவர்களையே அழைத்து வந்திருக்கிறேன். கடைசி வரிசையிலே அமர்பவர்கள் எந்தத் தெருப் பிள்ளைகள் என்பதை நான் அறிவேன், ஊரும் அறியும். அவர்களை அங்கே அமரும்படி நான் சொல்லவில்லை. எழுந்து வரும்படியும் சொல்லவில்லை. பகுத்தறிவு பேசும் என் வகுப்பிலும் ஒரு முன்கூடத்துத் தரை இருந்திருக்கிறது. அதற்குக் காவல் இருந்தவன் நான்.

பள்ளி திறந்ததும் வரிசையை மாற்றினேன், வாரந்தோறும் மாறுகிறது. படிக்க அழைப்பது வருகைப் பதிவேட்டு வரிசைப்படி. மூன்றாம் நாள், சென்ற ஆண்டு முழுவதும் என் காதிலே குரலே விழாத ஒரு சிறுவன் மேசையருகே வந்தான். புத்தகத்தைப் பிடித்த கை நடுங்கிற்று. முதல் அடியிலே இரண்டு முறை தடுக்கினான். முன்வரிசையிலே யாரோ சிரித்தனர், நான் நிமிர்ந்து பார்த்தேன், சிரிப்பு நின்றது. நான்காவது அடியிலே அவன் குரல் நிமிர்ந்தது.

முழுச் செய்யுளையும் படித்து முடித்தே இறங்கினான்.