சக்கரத்தின் கணக்கு

நம் கல்லூரி தாம்பரத்திற்கு வந்தது 1937இல். மின்சார வண்டியோ 1931இலேயே வந்துவிட்டது. அவ்வகையில் அது நமக்கு மூத்த அயலார்.

சென்ற ஞாயிறன்று ஆராதனை முடித்து நிலையத்தில் நின்றோம். உடனிருந்தவர், இரயில்வே பட்டறையொன்றில் கடைசல் வேலை செய்து ஓய்வுபெற்ற நம் சபைப் பெரியவர். வண்டி வந்ததும் நாம் இடந்தேடி விரைந்தோம். அவர் சக்கரத்தையே நோக்கி நின்றார்.

“யாது காண்கிறீர்கள், ஐயா?”

“விளிம்பு தேய்ந்துளதாவென்று பார்க்கிறேன், தம்பி.”

ஏறி அமர்ந்தபின் விளக்கினார். தண்டவாளத்தில் உராய்ந்து சக்கர விளிம்பு மெலியும். ஓடுபரப்பைக் கடைந்து குறைத்தே விளிம்பிற்குப் பழைய வடிவைத் தருவர். ஒவ்வொரு கடைசலிலும் சக்கரம் சிறுக்கும். வரம்பிற்குக் கீழே சிறுத்தால் கழிவிரும்புதான். விளிம்பு மிக மெலிந்தபின் கடைந்தாலோ, ஒரே தடவையில் மிகுந்த இரும்பு போய்விடும்.

“பணமில்லை, அடுத்த மாதம் பார்ப்போம் என்று தள்ளினால் இவ்வாண்டுக் கணக்கில் மிச்சம், சக்கரத்தின் கணக்கில் நட்டம்” என்றார். மூன்று மாதமாய்த் தைக்காத நம் செருப்பைக் காலடியில் மறைத்துக்கொண்டோம்.

ஆயினும் ஓர் ஐயம். மாற்று வண்டியின்றி ஒன்றைப் பட்டறைக்கு இழுத்தால், காலையில் குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் ஏறுவோர் அடுத்த வண்டியின் படியில் தொங்குவர். இழுக்காவிடிலோ, அத்தனை பேருயிரும் அம்மெலிந்த விளிம்பின்மேல். எதனை முதற்கண் காப்பது? கேட்டோம்.

பெரியவர் விடை கூறவில்லை. வாயிற்படியில் நின்ற சிறுவர் இருவரை உள்ளே வருமாறு கையசைத்து அழைத்தார்.