கோட்டின் உள்பக்கம்

எடின்பரோவில் அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைக்கிறார்கள். அன்றிலிருந்து ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. டிசம்பர் வந்தால் நாலு மணிக்கே தெருவிளக்கு எரியும். வடகடல் காற்று நேர்த்தெருவில் பொறுத்துக்கொள்ளும்படிதான் வீசுகிறது; முனை திரும்பும்போதுதான் அதன் முழு பலம் தெரிகிறது. அங்கே படிக்கும் அக்கா மகளைப் பார்க்கப் போயிருந்தேன். நல்ல கோட்டு ஒன்று வாங்க வேண்டும் என்றதும் அவள் பெரிய கடைத்தெருவுக்குக் கூட்டிப்போகவில்லை. "புதுசு வேண்டாம் சித்தி. கிராஸ்மார்க்கெட் போலாம், வாங்க" என்றாள்.

கோட்டை நிற்கும் கரும்பாறைக்கு நேர் கீழே, பள்ளத்தில் இருக்கிறது கிராஸ்மார்க்கெட். பல நூற்றாண்டுகள் மாட்டுச்சந்தையும் குதிரைச்சந்தையும் கூடிய இடம். தூக்கு மேடையும் இங்கேதான் இருந்தது. இப்போது அந்த நீள்சதுக்கத்தைச் சுற்றி மதுக்கடைகளும் உணவு விடுதிகளும். அவற்றுக்கு நடுவே டபிள்யூ. ஆம்ஸ்ட்ராங் அண்ட் சன் என்ற பழைய உடைக் கடை. 1840இல் தொடங்கிய வியாபாரம். பழைய உடை வாங்குவது நாகரிகமாவதற்கு வெகுகாலம் முன்பே பழைய உடை விற்றவர்கள்.

நாங்கள் போன வாரம் ஹாலோவீன் வாரம். மாணவர்கள் கூட்டம் வாசலைத் தாண்டி நின்றது. அந்த நெரிசலிலும் அந்த ஆண்டின் இலையுதிர்காலத்துக்கு எது வேண்டப்படுகிறது என்பதைப் பார்த்தே சொல்லிவிட முடிந்தது. ஆண்களுக்காகத் தைத்த, தோள் அகன்ற நீளக் கம்பளிக் கோட்டுகளை இளம்பெண்கள் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1970களின் பழுப்பு மென்தோல் ஜாக்கெட்டுகள், மெழுகு பூசிய பச்சை மேலுடைகள், கையில்லாத ஃபேர் ஐல் பின்னலாடைகள், கட்டம் போட்ட பாவாடைகள், சிறுத்தைப்புள்ளி போட்ட செயற்கை ரோமக் கோட்டுகள். நிறங்களோ துரு, பாசி, கடுகு, காய்ந்த இலை. ஊரைச் சுற்றியிருக்கும் குன்றுகளில் அந்த வாரம் கண்ட நிறங்களே கடைக்குள்ளும் தொங்கின.

கூட்டம் தாங்காமல் வெளியே வந்து வெஸ்ட் போர்ட் ஏற்றத்தில் நடந்தோம். அந்தப் பக்கம் பழைய புத்தகக் கடைகள் அதிகம். அங்கே இன்னொரு சின்ன உடைக்கடை. நரைத்த தலைமுடியைக் கொண்டையிட்ட பெண்மணி ஒருவர் மட்டும் இருந்தார். கோட்டு வேண்டும் என்றேன். ஒன்றை எடுத்தார், எனக்குப் போட்டுக் காட்டவில்லை. மேசைமேல் விரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி வைத்தார். வெளிப்பக்கம் ஆண்டுக்கு ஆண்டு மாறும், உள்பக்கம்தான் உண்மை பேசும் என்றார். அந்த மத்தியானம் முழுக்க எங்களுக்கு அதுதான் பாடம்.

முதலில் ஜிப். உலோகப் பற்கள் இருந்தால் பெரும்பாலும் 1960களுக்கு முந்தையது. நைலான் சுருள் ஜிப் அதற்குப் பிறகுதான் பரவலானது. பிறகு சீட்டு. கம்பளி உருண்டைபோல் வளைந்த கோடுகளால் ஆன வுல்மார்க் முத்திரை 1964இல் வந்தது. அது இருந்தால் உடை அந்த ஆண்டுக்கு முந்தையதாக இருக்க வாய்ப்பில்லை. 'செயின்ட் மைக்கேல்' என்று இருந்தால் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் விற்றது, 2000க்கு முன். அதன்பின் அந்தப் பெயரை அவர்கள் கைவிட்டார்கள். கடைசியாகத் தையல். மடித்து உள்ளே விட்ட துணி எவ்வளவு என்று விரலால் அளந்து காட்டினார். பழைய கோட்டுகளில் கை ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் தாராளமாக விட்டிருக்கிறார்கள். உடல் பெருத்தாலும் சிறுத்தாலும், பிள்ளைக்குக் கொடுத்தாலும், பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். நம்மூர் தையற்காரர் பள்ளிச் சீருடைக்கு இரண்டு வருடம் தாங்கட்டும் என்று உள்ளே துணி விடுவாரே, அதே யோசனை.

ஒரு சாம்பல் நிறக் கோட்டின் கழுத்தில் விநோதமான முத்திரை இருந்தது. ஓரம் வெட்டிய வட்டங்களாக இரண்டு சி, பக்கத்தில் 41. இரண்டாம் உலகப்போர்க் காலத்தின் அரசாங்க முத்திரை அது. 1941 ஜூன் 1 அன்று பிரிட்டனில் துணிக்குப் பங்கீடு வந்தது. ஓராண்டுக்கு ஆளுக்கு 66 கூப்பன். பெண்களின் லைனிங் வைத்த கம்பளிக் கோட்டு ஒன்றுக்கே 14 போய்விடும். எத்தனை பை வைக்கலாம், எத்தனை பித்தான், எத்தனை மடிப்பு என்பதற்கெல்லாம் விதி இருந்தது. ஆண்களின் கால்சட்டை நுனியை மடித்துத் தைக்கவும் தடை. அந்தக் கோட்டு அப்படித்தான் இருந்தது: இறுக்கமாக, அளவாக, ஒரு அங்குலம்கூட அதிகமில்லாமல். ஆனால் துணியின் தரத்தையும் அதே முத்திரைதான் உறுதி செய்தது. எழுபது எண்பது ஆண்டுகள் கழித்தும் முழங்கை தேயவில்லை.

அதற்குப் பக்கத்திலேயே 1950களின் கோட்டு ஒன்று. தோளிலிருந்து குடைபோல விரிந்து விழுந்தது. 1947 பிப்ரவரி 12 அன்று பாரிஸில் கிறிஸ்தியன் டியோர் அகன்ற பாவாடைகளோடு தன் முதல் தொகுப்பைக் காட்டியபோது பிரிட்டனில் இன்னும் கூப்பன் முறைதான். இத்தனை துணியை வீணாக்குவதா என்று அமைச்சர் ஸ்டாஃபர்ட் கிரிப்ஸ் எதிர்த்தார். பெண்கள் கேட்கவில்லை. எட்டு ஆண்டு கிடைக்காத துணியை உடம்பில் சுற்றிக்கொள்ள யாருக்குத்தான் ஆசை இருக்காது? 1949 மார்ச்சில் பங்கீடு முடிந்தது, கோட்டுகள் விரிந்தன. ஃபேஷன் என்றால் யாரோ சிலர் அறைக்குள் உட்கார்ந்து தீர்மானிப்பது என்றுதான் நினைத்திருந்தோம். இந்த இரண்டு கோட்டுகளையும் அடுத்தடுத்துத் தொட்டுப் பார்த்தால் போரும் பசியும் அதில் எவ்வளவு வெட்டித் தைத்திருக்கின்றன என்று தெரிகிறது.

நான் அதிக நேரம் நின்றது ஹாரிஸ் ட்வீட் வரிசையில். தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் பழுப்பு. கண்ணருகே கொண்டுவந்தால் ஒரே இழையில் ஆரஞ்சு, பச்சை, ஊதா, நீலம். நூலாக நூற்றபின் சாயம் போடுவதில்லை. கம்பளி ரோமத்துக்கே தனித்தனியாகச் சாயமேற்றி, அவற்றைக் கலந்து நூற்கிறார்கள். அதனால்தான் அந்த ஆழம். பழைய நாட்களில் பாறையில் படரும் பாசியைச் சுரண்டிக் காய்ச்சி செம்பழுப்புச் சாயம் எடுத்தார்கள். நெய்த துணியை ஊறிய சிறுநீரில் நனைத்து, மேசையைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து, கேலிக் மொழியில் பாட்டுப் பாடிக்கொண்டே அடித்து இறுக்குவார்கள். ஏழைத் தீவுக்காரர்களின் துணி அது. 1840களில் டன்மோர் சீமாட்டி அதைத் தன் பிரபு நண்பர்களிடம் கொண்டுசேர்த்தார். வேட்டைக்கும் மீன்பிடிக்கும் போகும் கனவான்களின் உடையானது அப்படித்தான்.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் இருக்கும் வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில்தான் இந்தக் கம்பளிக்குச் சாயமேற்றி நூற்க வேண்டும். நெய்வதும் அங்கேயே, நெசவாளர் வீட்டில், கையாலும் காலாலும் இயக்கும் தறியில்தான். 1993இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டது. தொழிற்சாலையில் நெய்தால் அந்தப் பெயரை வைக்க முடியாது. உருண்டையும் சிலுவையும் கொண்ட முத்திரை அதற்கும் முந்தையது, 1911 முதல் துணியில் குத்தப்படுகிறது. கைத்தறியைக் காப்பாற்ற நம் நாட்டிலும் சட்டம் உண்டு, முத்திரை உண்டு. ஆனால் நெசவாளி தன் வீட்டிலேயே நெய்ய வேண்டும் என்பதைத் துணியின் இலக்கணமாகவே ஆக்கிய இந்தத் தெளிவு என்னை நெகிழச் செய்தது.

பொருந்துகிற ஒன்று கிடைத்தது. பாசிப்பச்சை, உள்ளே வெண்கல நிறச் சாட்டின் லைனிங். அக்குளில் லைனிங் கிழிந்திருந்தது. துணி அப்படியே இருக்கிறது, லைனிங்கைப் புதுசாகப் போட்டுக்கொள்ளலாம், அதற்காகத்தான் அதைத் தனியாகத் தைக்கிறார்கள் என்றார் கடைக்காரப் பெண்மணி. கிழிசலுக்காக விலையிலும் கொஞ்சம் குறைத்தார்.

கட்டம் போட்ட பாவாடைகளில் அக்கா மகளின் மனம் போனது. ஜேக்கபைட் கலகத்துக்குப் பிறகு 1746இல் போட்ட சட்டம் ஸ்காட்லாந்து ஆண்களுக்கு இந்த மேட்டுநில உடையையே தடை செய்தது; 1782இல்தான் விலக்கினார்கள். 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தபோது நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் ஊரையே டார்டன் என்ற இந்தக் கட்டத்துணியில் நிறுத்தினார். குற்றமாயிருந்த கட்டம் அரசவை உடுப்பானது. 1993 இலையுதிர்–குளிர்காலத் தொகுப்புக்கு விவியன் வெஸ்ட்வுட் தன் கணவர் பெயரில் புதிய டார்டன் ஒன்றையே நெய்யச் செய்தார். இப்போது இருபது வயதுப் பெண்கள் தேடுவது அந்த 1990களின் சாயலைத்தான்.

மெழுகு பூசிய பார்பர் ஜாக்கெட்டுகளுக்கும் ஃபேர் ஐல் பின்னலுக்கும் இதே கதை. தெற்கு ஷீல்ட்ஸ் துறைமுகத்தில் 1894இல் ஜான் பார்பர் தொடங்கிய வியாபாரம் மாலுமிகளுக்கும் துறைமுகத் தொழிலாளர்களுக்குமானது. ஆர்க்னிக்கும் ஷெட்லண்டுக்கும் இடையிலுள்ள ஃபேர் ஐல் என்ற சின்னஞ்சிறு தீவின் பின்னலை, பின்னாளில் எட்டாம் எட்வர்டான இளவரசர் 1922இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் மைதானத்துக்குப் போட்டுவந்தார். உலகமே கேட்கத் தொடங்கியது. குளிரில் உழைத்தவர்கள் கண்டுபிடித்ததைத்தான் ஒவ்வொரு குளிர்காலமும் நாகரிகம் திரும்பக் கடன் வாங்குகிறது.

இரவு அக்காவிடம் போனில் சொன்னேன். "யாரோ போட்டு எறிஞ்சதையா வாங்குன? செத்தவங்க துணியா இருந்தா?" என்றாள். அந்தத் தயக்கம் எனக்கும் தெரியும். வீட்டுக்குள் மூத்தவள் பாவாடை இளையவளுக்கு வரும், அதில் குறையில்லை. வெளியார் துணி என்றால் மனம் சுருங்கும். பழைய துணியைப் பாத்திரக்காரரிடம் போட்டு எவர்சில்வர் வாங்கிய பழக்கம் நமக்கு. துணி வாசலைத் தாண்டிப் போகத்தான் வேண்டும், உள்ளே வரக்கூடாது.

ஆனால் யாரும் வாங்காத கோட்டுகள் எங்கே போகின்றன என்று பாருங்கள். மேலைநாடுகள் கழித்த கம்பளி உடைகள் கப்பல் கப்பலாக ஹரியானாவின் பானிப்பட்டுக்கு வருகின்றன. பித்தான்களை அறுத்து, நிறவாரியாகப் பிரித்து, இயந்திரத்தில் போட்டு இழையாகக் கிழித்து, மறுபடி நூற்கிறார்கள். 1813இல் யார்க்‌ஷயரின் பேட்லியில் பெஞ்சமின் லா என்பவர் கண்டுபிடித்த முறை அது. வெள்ளத்திலும் நிலநடுக்கத்திலும் நிவாரணமாகக் கொடுக்கப்படும் கனத்த சாம்பல் போர்வைகளில் பெரும்பகுதி அங்கே பிறந்தவை. அந்தப் போர்வையைப் போர்த்திய யாரும் யாருடைய கோட்டு என்று கேட்டிருக்க முடியாது. எனக்கு மனம் கனத்தது இதில்: ஹாரிஸ் தீவின் பெண்கள் பாடிப் பாடி இறுக்கிய துணியும், பத்து முறை போட்டதும் நூல் உருண்டு போகும் பாலியெஸ்டர் கோட்டும் ஒரே மூட்டையில் வந்து சேர்கின்றன. முன்னதை இன்னும் ஐம்பது ஆண்டு யாராவது உடுத்தியிருக்கலாம். பின்னதை மறுபடி நூற்கவும் சரிவராது.

மறுநாள் அதே சின்னக் கடைக்குத் திரும்பப் போனோம். பெட்டியின் அடியில் கிடந்த ஒரு சால்வையை அக்கா மகள் உருவினாள். ஓரம் நைந்து, ஒரு பக்கம் வெட்டுப்பட்டிருந்தது. அதனால் எங்கள் கைக்கு எட்டும் விலை. செம்மண் நிறத்தில் வளைந்த மாங்காய்கள். "பாட்டியோட கல்யாணப் புடவை பார்டர், சித்தி!" என்றாள். காஷ்மீர்ச் சால்வையைப் பார்த்து கிளாஸ்கோவுக்கு மேற்கேயுள்ள பெய்ஸ்லி நகரத்து நெசவாளர்கள் நெய்து குவித்த காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டு. 1870களில் பாவாடையின் பின்புறம் உப்பித் தைக்கும் மோகம் வந்தது. முதுகு முழுக்க மூடும் சால்வை அதற்கு ஒத்துவரவில்லை. பெய்ஸ்லியின் சால்வைத் தறிகள் ஓய்ந்தன. ஒரு ஊரின் பிழைப்பை ஒரு பாவாடையின் வடிவம் முடித்துவைத்ததை நினைத்தால், பருவத்துக்குப் பருவம் மாறும் இந்த விஷயங்களை யாரும் அற்பம் என்று சொல்லக் கூடாது.

கம்பளியில் பூச்சி முட்டை இருக்கக்கூடும் என்பதால் கோட்டையும் சால்வையையும் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, விடுதிச் சமையலறையின் உறைபெட்டியில் வைத்தாள் அக்கா மகள். பழைய கம்பளி வாங்குகிற எல்லாரும் இதைச் செய்ய வேண்டும் என்று கடைக்காரப் பெண்மணி சொல்லி அனுப்பியிருந்தார். சில நாட்கள் கழித்து எடுத்துக் காற்றாட விட்டபின் நான் கோட்டைப் போட்டுக்கொண்டு ஆர்தர்ஸ் சீட் குன்றின்மேல் ஏறினேன். காற்று முகத்தில் அறைந்தது, நெஞ்சுக்குள் வரவில்லை.

சால்வையை ஊருக்கு எடுத்துவந்து அக்காவிடம் கொடுத்தேன். மகள் தேர்ந்தெடுத்தது என்று சொன்னேன். அவள் உடனே போர்த்திக்கொள்ளவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பட்டுப்புடவை வாங்கும்போது செய்வதுபோல முந்தியை மறுபக்கம் திருப்பி, நூல் வெட்டுகளை நகத்தால் நெருடிப் பார்த்தாள்.

"ஜாக்கார்டு பெட்டி வச்சு நெஞ்சிருக்காங்க. பின்னாடி மிதந்த நூலையெல்லாம் ஒட்ட வெட்டியிருக்கு பாரு. என்னா வேலை!" என்றாள். அப்புறம், "அந்தப் பெட்டியில இன்னொண்ணு இருந்துச்சா?" என்று கேட்டாள்.