மலரும் மெய்ப்பாடும்

மலர் மருத்துவம் என்று நம் ஊர்களில் வழங்கும் சிகிச்சையின் புட்டியில் மலர் கிடையாது. கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்று நீர் எடுத்து, அதில் பூக்களை மிதக்கவிட்டு மூன்று மணி நேரம் வெயிலில் வைக்கிறார்கள். சில வகைகளை அரைமணி நேரம் கொதிக்க வைக்கிறார்கள். பிறகு பூவை எறிந்துவிட்டு நீரில் சம அளவு பிராந்தி சேர்த்து, அதையும் பல மடங்கு நீர்க்கச் செய்து, நான்கு சொட்டு, நாளைக்கு நான்கு வேளை. நோயாளியின் உடம்பை விட்டுவிட்டு அவன் மனநிலையைப் பார்த்துத்தான் மருந்து தேர்வாகிறது.

இதை வகுத்த எட்வர்ட் பாட்ச் (1886–1936) பித்தலாட்டக்காரர் அல்லர். முறையாக மருத்துவம் படித்தவர். லண்டன் ஆஸ்பத்திரிகளில் பாக்டீரியா ஆய்வு செய்தவர். 1930-ல் அந்தத் தொழிலை உதறிவிட்டு இங்கிலாந்து, வேல்ஸ் கிராமப்புறங்களில் செடி தேடி அலைந்தார். சாவதற்குள் 38 மருந்துகள் சேர்ந்தன. அவற்றில் ஒன்றுக்குப் பூவே இல்லை, வெறும் ஊற்று நீர். தன்னைத்தானே கடுமையாக ஒறுத்துக்கொள்கிறவர்களுக்கு அது.

மருந்து வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு நேரமதிகம் வேண்டாம். நடந்த சோதனைகளை ஒருசேர ஆராய்ந்த எட்ஸார்ட் எர்ன்ஸ்ட், மருந்தில்லாத வெற்றுச் சொட்டுகளின் பலனுக்கு மேல் எதுவும் இல்லை என்று 2010-ல் எழுதினார். விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். எனக்கு முடியவில்லை. காரணம், பாட்சின் பட்டியல். புட்டியைத் தூக்கிப் போட்ட பிறகும் அது கையில் நிற்கிறது.

பயத்துக்கு மட்டும் அவரிடம் ஐந்து பெயர்கள். இன்னதென்று சொல்லத் தெரிந்த பயம், நாய், இருட்டு, வறுமை, மேலதிகாரி: மிமுலஸ். உறைந்துபோகச் செய்யும் திகில்: ராக் ரோஸ். புத்தி பிசகி ஏதாவது செய்துவிடுவோமோ என்பது செர்ரி பிளம். தனக்கென்று பயமில்லை, வெளியே போன பிள்ளைக்கு என்ன ஆயிற்றோ என்பது ரெட் செஸ்ட்நட். காரணமே தெரியாமல் வந்து கவ்வுவது ஆஸ்பென்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்துக்கு நான்கு நிலைக்களன்கள் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. நான்கும் வெளியே நிற்பவை, சுட்டிக்காட்டக் கூடியவை. தெய்வத்துக்கும் அரசனுக்கும் பயப்பட்ட சமூகத்தின் கணக்கு அது, அந்த அளவில் கச்சிதமானது. அதில் ஆஸ்பெனுக்கு இடமில்லை. புதுக்கவிதையில் வரும் பயத்துக்குக் காரணம் எங்கே என்று நம் பண்டிதர்கள் கேட்பது இதனால்தான். அவர்கள் தேடுவது மிமுலஸ், எதிரே இருப்பதோ ஆஸ்பென். இப்படி ஒரு பாகுபாட்டை ஒரு விமர்சகன் செய்திருந்தால் அவனை மதித்திருப்போம்.

தினசரிக் காரியத்துக்கும் பட்டியல் உதவுகிறது. நவம்பரில் லைஃப் சர்டிபிகேட் கொடுக்க எங்கள் வங்கிக்கு வரும் பென்ஷன்காரர் ஒருவர், 'பதிவாகிவிட்டது' என்று நான் சொன்னதும் பக்கத்துக் கவுண்டரில் கேட்பார், போகும்போது வாசல் காவலாளியிடமும் கேட்பார். அவர் செராட்டோ. ஒரு வருஷ டெபாசிட்டா இரண்டு வருஷமா என்று யாரிடமும் வாய் திறக்காமல் அரைநாள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் ஸ்கிளெராந்தஸ். இரண்டையும் 'குழப்பம்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவந்தோம். நம் சிறுபத்திரிகை வட்டத்துக்கும் குறைவில்லை: குற்றம் மட்டுமே கண்ணில் படுகிற பீச், தன் இஷ்டத்தைப் பிறர்மேல் சுமத்தும் வைன், ஒதுங்கி நின்று உயரம் காட்டும் வாட்டர் வயலட். ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

பாட்ச் தன் கடைசி 19 மருந்துகளை 1935-ல் கண்ட விதத்தை அவருடைய உதவியாளர் நோரா வீக்ஸ் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு மனநிலையும் முதலில் அவரையே பிடித்து வாட்டுமாம். பிறகுதான் அதைத் தணிக்கும் பூவைத் தேடிப் போவாராம். விஞ்ஞானமாக இது செல்லாது. கவிஞன் வேலை செய்வது ஏறக்குறைய இப்படித்தான்.

ஆனால் பட்டியல் எங்கே நின்றுவிடுகிறது என்பதையும் பார்த்தேன். அப்பா இறந்த மூன்றாம் மாதம் அக்கா ஒரு மலர் மருத்துவப் புத்தகத்தோடு வந்து அம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டாள். பழசையே நினைத்துக்கொண்டிருக்கிறாயா, அதிர்ச்சி போகவில்லையா, தனிமையா. அம்மா எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். கடைசியில், "அழுகை வரல. தூக்கம் வருது. ராத்திரி கதவத் தாழ் போட்டாச்சான்னு யார்கிட்டக் கேக்கறது, அதுதான் தெரியல" என்றாள். அக்கா புத்தகத்தைப் புரட்டிவிட்டு ஸ்டார் ஆஃப் பெத்லஹேம் என்று முடிவு செய்தாள். அம்மா இரண்டு வாரம் சாப்பிட்டாள். பிறகு, சாராய வாடை அடிக்கிறது என்று மூடிவைத்துவிட்டாள்.

அம்மா சொன்னது பயமில்லை, சந்தேகமில்லை. துக்கம் என்றால் அவளே மறுப்பாள். நாற்பது வருஷம் கேட்ட ஒரு கேள்விக்கு ஆளில்லாமல் போனது. அதற்கு 38-ல் பெயரில்லை.

பெயரிருந்தாலும் தீர்க்க வேண்டியதா அது? பாட்சுக்கு ஒவ்வொரு பெயரும் ஒரு கோளாறின் பெயர். பூ வந்து அதை நீக்கிச் சமநிலை தர வேண்டும். நமக்கும் பூவையும் மனநிலையையும் சேர்த்துக் கட்டிய மரபு ஒன்று உண்டு. முல்லைக்கு இருத்தல், நெய்தலுக்கு இரங்கல். அங்கே பூ இரக்கத்தை நீக்க வருவதில்லை, அது நடக்கும் இடத்துக்குப் பெயராக நிற்கிறது. காமத்தை நோய் என்று சொன்னவர்கள்தான் அந்தக் கவிஞர்கள். மகளின் மெலிவைப் பார்த்துத் தாய் வேலனை அழைத்து வெறியாட்டு நடத்தும்போது, நோய் ஒன்று, மருந்து வேறொன்று என்று அவர்களே எள்ளி நகையாடவும் செய்தார்கள்.

சமநிலை என்ற சொல்லைப் பற்றி எனக்குள்ள சந்தேகம் இதுதான். அம்மாவின் கேள்வி நின்றுபோனால் அவள் சமநிலை அடைந்ததாகச் சொல்வார்கள். அப்பா இருந்தார் என்பதற்கு வீட்டில் மிஞ்சியிருக்கும் ருசுவும் அதோடு போகும். இதற்கு 39-வது பெயர் ஒன்று வேண்டும். அதைத் தேடுகிறவனுக்கு பாட்சின் கூர்மை வேண்டும், அவருடைய புட்டி வேண்டியதில்லை.