சுருள்வில்லில் வில் எங்கே?

'ஸ்பிரிங்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் துள்ளி எழுதல் என்பது அடிப்படைப் பொருள். நீரூற்றுக்கும் இளவேனிற் பருவத்துக்கும் அதே சொல்தான். மூன்றிலும் ஏதோ ஒன்று கீழிருந்து மேலே கிளம்புகிறது. ஆங்கிலேயன் அந்தப் பொருளின் செயலைப் பார்த்துப் பெயர் வைத்தான். நாம் அதன் உருவத்தைப் பார்த்தோம். சுருண்டிருக்கிறது, ஆகவே சுருள். அழுத்தினால் சேமித்துக்கொண்டு, விட்டால் திருப்பிக் கொடுக்கிறது, ஆகவே வில். பள்ளிப் பாடநூலில் 'சுருள்வில் தராசு' என்று படித்த நாள் முதல் இந்தச் சொல் எனக்குப் பிடித்தமானது. ஒட்டுப்போட்ட கலைச்சொற்களுக்கு நடுவே, கண்ணால் காணத்தக்க சொல்லாக அது நிற்கும்.

அந்தச் சொல்லின் பின்பாதியை ஐயத்தோடு பார்க்கும்படி நேர்ந்தது அண்மையில்தான். எங்கள் கல்லூரியில் இயந்திரவியல் கற்பிக்கும் இளைய நண்பர் ஒருவர், பள்ளியில் தமிழ்வழி படித்துவிட்டு வரும் முதலாண்டு மாணவர்களுக்காகச் சிறு விளக்கப்படங்கள் தயாரிக்கிறார். சுருள்வில் எப்படி வேலை செய்கிறது என்பது அவற்றில் ஒன்று. கணினியில் சுருள்வில்லை வரைந்து, அமுக்கி, விரித்துக் காட்ட வேண்டும். அதற்குப் பின்னணியில் ஒலிக்கும் தமிழ் வாசகம் என் பொறுப்பு. படத்தைப் பார்க்காமல் வாசகம் எழுத இயலாதாகையால், சில மாலைகள் அவருடைய கணினியின் அருகே அமர்ந்திருந்தேன்.

வரையும் முறை எளிது. நண்பர் பயன்படுத்துவது ஃப்ரீகேட் என்ற கட்டற்ற மென்பொருள். முதலில் திருகுசுருளாக ஒரு கோடு. அதற்கு மூன்று எண்கள் போதும்: ஆரம், அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே உள்ள புரியிடைத் தூரம், மொத்த உயரம். பிறகு கோட்டின் நுனியில் கம்பியின் பருமனுக்கு ஒரு சிறு வட்டம். அந்த வட்டத்தைக் கோட்டின் வழியே இழுத்துச் செல்லும்படி கட்டளையிட்டால் கம்பி பிறந்துவிடுகிறது. நாழியில் முறுக்குப் பிழிவதை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே துளையின் வழியே மாவு வருகிறது, இங்கே துளையே நகர்ந்து போய் மாவை விட்டுச் செல்கிறது. சாலிட்வொர்க்ஸ் போன்ற விலைகொடுத்து வாங்கும் மென்பொருள்களிலும் ஏறத்தாழ இதே வழிதான். ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் இன்வென்டரில் சுருளுக்கென்றே தனிக் கட்டளை உண்டு.

வரைவது எளிது, அசைப்பதில்தான் வில்லங்கம். இந்த மென்பொருள்கள், ஒன்றாகப் பூட்டிய உறுப்புகள் ஒவ்வொன்றையும் விறைத்த பொருளாகவே கொள்கின்றன. ஆணி சுழலலாம், தட்டு நகரலாம், சக்கரம் உருளலாம். உருவம் மட்டும் மாறக்கூடாது. அசைவு என்றால் அவற்றுக்கு இடமாற்றமும் திசைமாற்றமும்தான். சுருள்வில்லோ உருவம் மாறினால்தான் சுருள்வில். மாறாதபோது அது வெறும் வளைந்த கம்பி. ஆகவே பல வரைபடங்களில் அதை ஏதோ ஓர் உயரத்தில் வரைந்து அப்படியே நிறுத்திவிடுகிறார்கள். ஒரே உறுப்பைப் பூட்டும் இடத்துக்கேற்ப நெகிழ விடும் வசதி சாலிட்வொர்க்ஸில் 2020ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் வந்தது. நண்பர் பைதான் மொழியில் பத்து வரிகள் எழுதினார்: உயரத்தைச் சிறிது குறை, மறுபடி கணக்கிட்டு வரை, படமெடுத்து வை, மீண்டும் குறை. படங்களை வரிசையாக ஓடவிட்டால் அசைவு. திரைப்படத்தின் பழைய தந்திரம்தான்.

முதல் ஓட்டத்தில் வேடிக்கை நடந்தது. அவர் எடுத்துக்கொண்ட சுருள்வில்லின் அளவுகள் இவை: கம்பியின் விட்டம் 2 மில்லிமீட்டர், சுருளின் சராசரி விட்டம் 20, உயரம் 60, சுற்றுகள் 8, ஆகவே புரியிடைத் தூரம் 7.5. உயரத்தை மட்டும் 60இலிருந்து 30க்கு இறக்கினால், புரியிடைத் தூரம் மாறாதிருக்க, எட்டுச் சுற்று நான்காகிவிடுகிறது. திரையில் சுருள் அமுங்கவில்லை. மேலிருந்து யாரோ தின்றுகொண்டே வருவதுபோல் தேய்ந்தது. புரியிடைத் தூரத்தையும் உடன் குறைக்கச் சொன்ன பின் சுற்றுகள் எட்டும் நிலைத்தன, பார்வைக்கு எல்லாம் சரியாயிற்று. நான் எழுந்து போகத் தயாரானேன். அவர் திருப்தியுறவில்லை.

"ஐயா, இதிலும் கம்பி காணாமல் போகிறது," என்றார்.

திருகுசுருளை வெட்டி விரித்தால் அது ஒரு செங்கோண முக்கோணத்தின் கர்ணம். உயரம் ஒரு பக்கம், எட்டுச் சுற்றின் சுற்றளவு மறுபக்கம். பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ் தேற்றம் போதும். உயரம் 60ஆக இருக்கையில் கம்பியின் நீளம் 506.2 மில்லிமீட்டர், 30ஆகும்போது 503.5. அமுக்கிய அளவில் இரண்டே முக்கால் மில்லிமீட்டர் எஃகு எங்கோ போய்விடுகிறது! உண்மையில் கம்பி எங்கும் போகாது. நீளம் மாறாதிருக்கச் சுருள் சற்றே அகலமாகும். விட்டம் 20இலிருந்து 20.1. மயிரிழை அளவு. கண்ணுக்குத் தெரியாத இதை ஏன் திருத்த வேண்டும் என்று கேட்டேன். இறுக்கமான துளைக்குள் சுருள்வில்லைப் பொருத்துகிறவனுக்கு அந்த மயிரிழை தேவைப்படும், அகன்று சுவரில் உரசும் என்றார். பதினோராவது வரியாக, கம்பி நீளத்தை நிலையாக வைத்து ஆரத்தைக் கண்டுபிடிக்கும் சூத்திரத்தைச் சேர்த்தார்.

இங்கே ஓர் இடைப்பிறவரல். 1986இல் பிக்ஸார் நிறுவனம் 'லக்ஸோ ஜூனியர்' என்ற இரண்டு நிமிடப் படத்தை வெளியிட்டது. இரண்டு மேசை விளக்குகள் பந்து விளையாடும். அதை இயக்கிய ஜான் லேசட்டர் மறு ஆண்டில் எழுதிய கட்டுரையில், நசுங்குவதையும் நீள்வதையும் கையாளும்போது பொருளின் கன அளவு குறையாமலும் கூடாமலும் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறார். உருவம் மாறாத உறுப்புகளால் ஆன விளக்கு மூட்டுகளில் மடங்கியே நசுங்கும் என்றும் விளக்குகிறார். அவ்வகை விளக்குகளின் மூதாதை, 1932இல் காப்புரிமை பெற்ற ஜார்ஜ் கார்வர்டைன் என்ற ஆங்கிலேயரின் ஆங்கிள்பாய்ஸ். சுருள்வில்களின் இழுவையால் எந்த நிலையிலும் நிற்கும் விளக்கு அது. அவர் மோட்டார் வண்டிகளின் அதிர்வுதாங்கி அமைப்புகளில் பழகிய பொறியாளர். குழந்தைகளுக்கான கேலிச்சித்திர மரபுகூடப் பொருளின் அளவைக் காப்பாற்ற, மெய்யளவுக்கென்றே பிறந்த பொறியியல் மென்பொருள் கேட்டதை மட்டும் செய்துவிட்டுக் கம்பியை விழுங்குவது எனக்கு விந்தையாக இருந்தது.

நிற்க. என் வேலை வாசகம் எழுதுவது. "பாரம் ஏறும்போது சுருள்வில்லின் கம்பி வில்லைப் போல் வளைகிறது" என்று நண்பரிடமிருந்த பழைய குறிப்பு தொடங்கியது. அந்த வரியைத்தான் மாற்ற வேண்டும் என்றார் அவர். ஏனெனில் கம்பி வளைவதில்லை, முறுக்கிக்கொள்கிறது. சுருளின் நடு அச்சில் பாரம் இறங்குகிறது. கம்பியோ அந்த அச்சிலிருந்து ஆரத்தின் அளவு விலகி நிற்கிறது. ஆகவே கம்பியின் ஒவ்வொரு குறுக்குவெட்டிலும் பாரம் ஒரு நெம்புகோலைப் பிடித்துத் திருகுவதுபோல் வேலை செய்கிறது. ஈரத்துணியைப் பிழிகையில் துணிக்கு நேர்வதே கம்பிக்கும் நேர்கிறது, மிகச் சிறிய அளவில். 30 மில்லிமீட்டர் அமுக்கினால், ஆரம் 10 என்னும்போது, கம்பி முழுதும் சேர்ந்து 3 ரேடியன் முறுகும், பாகையில் 172. கிட்டத்தட்ட அரைச்சுற்று. அதற்கு வேண்டிய பாரம் ஏழரைக் கிலோ.

துணி உலர்த்தும் கிளிப்பில் ஒரு சிறு சுருள் இருக்கிறதல்லவா? அதில் நடப்பது இதற்கு நேர்மாறு. கிளிப்பின் கைகளை அமுக்கும்போது சுருளின் கம்பி மெய்யாகவே வளைகிறது, வில்லைப் போல. ஆனால் நூல்களில் அதற்கு 'முறுக்குச் சுருள்வில்' என்று பெயர். அமுங்கும் வகையில் கம்பி முறுகுகிறது, முறுக்கு என்று பெயரிட்ட வகையில் கம்பி வளைகிறது! பெயர்கள் முழுச் சுருளின் அசைவைப் பார்த்து வைக்கப்பட்டவை. கம்பியைக் கேட்டு வைக்கப்பட்டவை அல்ல. ஆங்கிலத்திலும் இதே குழப்பம் உண்டு. ஆயினும் ஆங்கிலச் சொல்லில் வில் இல்லை. நம் மாணவன் சொல்லிலேயே வில்லை ஏந்தி வருகிறான். வில் என்றவுடன் வளைவு மனத்தில் எழுகிறது. தேர்வில் 'கம்பி வளைகிறது' என்று எழுதி, வளைவுக்குரிய சூத்திரத்தைப் போடுகிறான். ஆண்டுதோறும் சிலராவது அப்படி எழுதுவதாக நண்பர் சொன்னார். சொல்லின் அழகு மதிப்பெண்ணைத் தின்கிறதென்றால் தமிழாசிரியன் சும்மா இருக்க முடியாது.

சரி, முறுகுவதைப் படத்தில் காட்டிவிடலாமே என்றால், அது எளிதில் சிக்குவதில்லை. கம்பியின் வெளிப்புறத்தில் சிவப்பாக ஒரு கோடு போட்டு அமுக்கினாலும், கோடு வெளிப்புறத்திலேயே நிற்கும். சுருளின் சாய்வு குறைந்துகொண்டே வருவதற்குள் முறுக்கம் ஒளிந்துகொள்கிறது. இதைக் கையால் அறிய ஒரு வழி உண்டு. பூத்தொடுக்கும் வாழைநாரைப் பட்டையாகக் கிழித்து நனைத்து, விரலில் நான்கு சுற்று தட்டையாகச் சுற்றுங்கள். விரலை உருவிவிட்டு, இரு நுனிகளும் சுழலாதபடி இறுகப் பிடித்து நேராக இழுங்கள். சுற்றுகள் மறையும், நாரில் நான்கு முறுக்குகள் விழுந்திருக்கும். ஒரு சுற்றுக்கு ஒரு முறுக்கு. சுருளாக இருந்தது முறுக்காக மாறிற்று. சுருள்வில் அமுங்கும்போதும் விரியும்போதும் நடப்பது இந்தப் பரிமாற்றத்தின் சிறு பகுதிதான்.

நார் நண்பருக்கு வழி காட்டியது. வட்டத்துக்குப் பதிலாக மெல்லிய நீள்சதுரத்தை நுனியில் வைத்தார், கம்பி பட்டையாயிற்று. கம்பி நீளத்தை மாற்றாமல் உயரத்தைக் கூட்டிக்கொண்டே போனார். சுருள் ஒடுங்கி ஒடுங்கி, கடைசியில் எட்டு முறுக்குகள் கொண்ட நேர்நாடாவாயிற்று. இங்கே அந்த மென்பொருளில் ஒரு சிறு தெரிவு முக்கியமாகிறது. வடிவத்தைக் கோட்டின் வழியே இழுக்கும்போது 'ஃப்ரெனே' என்ற பெட்டியில் குறியிடலாம், இடாமலும் விடலாம். 1847இல் தம் ஆய்வேட்டில் வெளிவளைவுகளின் கணிதத்தை எழுதிய பிரெஞ்சுக் கணிதர் ஃப்ரெனேயின் பெயர் அது. குறியிட்டால் பட்டை எப்போதும் சுருளின் அச்சைப் பார்த்தபடி நிற்கும். விட்டால், மென்பொருள் முறுக்கத்தைத் தவிர்க்கப் பார்க்கிறது. பட்டை சுற்றுக்குச் சுற்று சாய்ந்துகொண்டே போகிறது. வட்டக் கம்பிக்கு இந்த வேறுபாடு கண்ணில் படவே படாது. பட்டையில் இரண்டு படங்களையும் அருகருகே வைத்தபோது, முறுக்கம் என்பது இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு என்று எனக்கே விளங்கியது. கணிதம் படிக்காதவனுக்குக் கிடைத்த பேறு என்று வைத்துக்கொள்கிறேன்.

இனிச் சொல்லுக்கு வருவோம். 'வில்' தவறென்றால் வேறு சொல் ஆக்கிவிடலாமே என்று சில நண்பர்கள் கிளம்பக்கூடும். எனக்கு உடன்பாடில்லை. வில் என்பது வளைவதால் மட்டும் வில்லாகவில்லை. கை கொடுத்ததைக் காத்து வைத்து அம்புக்குக் கொடுப்பதாலும் அது வில். அந்தப் பண்பு எஃகுச் சுருளிலும் குறைவின்றி இருக்கிறது. ராபர்ட் ஹூக், நீட்சியும் விசையும் ஒரே விகிதத்தில் வளரும் என்ற தம் விதியை 1676இல் எழுத்துகளைக் கலைத்துப் புதிராக வெளியிட்டு, 1678இல்தான் விடையை அவிழ்த்தார். அவ்விதி சுருளுக்கும் பொருந்தும், முறுக்குக்கும் பொருந்தும், வளைவுக்கும் பொருந்தும். பெயர்ச்சொல் இருக்கட்டும். அதற்கு உரிய வினைச்சொல்லைக் கூடவே கற்பித்தால் போதும் என்பது என் துணிபு.

வினைச்சொல்லுக்குத் தமிழில் பஞ்சமில்லை. முறுகுதல் தன்வினை, முறுக்குதல் பிறவினை. பாரம் கம்பியை முறுக்குகிறது, கம்பி முறுகுகிறது. ஒற்று இரட்டித்ததால் செய்பவனும் படுபவனும் பிரிந்து நிற்கும் இந்த நுட்பம் பொறியியலுக்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. அப்படியே எழுதிக் கொடுத்தேன். நண்பர் வாசித்துவிட்டுத் தயங்கினார்.

"ஐயா, கம்பி முறுகுகிறது என்றால் பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர்களுக்கு முறுகுவது தோசை மட்டும்தான்."

ஒரு வாரம் இழுபறிக்குப் பின், 'கம்பி தன்னைத் தானே முறுக்கிக்கொள்கிறது' என்று முடிவாயிற்று. இலக்கணம் சற்றுப் பெருத்துவிட்டது. ஆனால் படத்தின் இரண்டாம் பகுதியில், பட்டை நேராகி எட்டு முறுக்குகளும் தெரியும் இடத்தில், 'முறுகியது' என்று ஒரேயொரு முறை நுழைத்திருக்கிறேன். அவர் இன்னும் கவனிக்கவில்லை.