ஜாக்கி பெசி ஷ்ராஃப்

இந்தியக் குதிரைப் பந்தயத்தின் மிகப் பெரிய ஜாக்கி பெசி ஷ்ராஃப் என்றால் மறுப்பவர் குறைவு. 2004-இல் ஓய்வு பெறும்போது 1,700-க்கும் மேற்பட்ட வெற்றிகள் இவர் கணக்கில் இருந்தன. இந்தியன் டெர்பி மட்டும் 8 முறை.

ஜாக்கி என்றால் குதிரை மேல் உட்கார்ந்து போகிறவர் என்பது பொது நினைப்பு. உண்மையில் ஓட்டத்தில் உட்காருவதே இல்லை. குட்டையாகக் கட்டிய அங்கவடியில் கால் ஊன்றி, முழங்கால் மடக்கி, முதுகைக் குனித்து நிற்க வேண்டும். பந்தயத்துக்கு முன்னும் பின்னும் சேணத்தோடு தராசில் ஏற வேண்டும். எடை குறைந்தால் ஜெயித்த குதிரையும் தகுதி இழக்கலாம். கடைசித் திருப்பம் வரை குதிரையின் மூச்சை மிச்சம் பிடிப்பதுதான் பெரிய வித்தை.

குதிரைப் பந்தயத்தில் திறமைக்கே முதலிடம் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, சென்னையின் கிண்டிப் பந்தயத் திடல் சம்பந்தப்பட்ட வழக்கில். ஷ்ராஃப் ஓய்வுக்குப் பிறகு பயிற்சியாளராகி, அங்கும் முன்வரிசைக்கு வந்தார்.