கிராஃப்ட்: வலிமையாகப் பிறந்த ஒரு சொல்

சொற்களுக்கும் மனிதரைப் போலவே வாழ்வும் தாழ்வும் உண்டு. நல்ல குடியிற் பிறந்து பின்னாளிற் பெயர் கெட்டுப்போன சொற்கள் எல்லா மொழிகளிலும் இருக்கின்றன. ஆங்கிலத்தில் அத்தகைய ஒரு சொல் 'கிராஃப்ட்'. இன்றைய அகராதியைப் புரட்டினால் கைவினை என்று ஒரு பொருள், தந்திரம் அல்லது வஞ்சகம் என்று இன்னொரு பொருள், படகு அல்லது கலம் என்று மூன்றாவது பொருள் காணப்படும். மூன்றுக்கும் இடையில் எந்த உறவும் இருப்பதாகத் தோன்றாது. ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், பழைய ஆங்கிலம் என்று அறிஞர்கள் குறிப்பிடும் மொழியில், இச்சொல்லின் முதற்பொருள் இம்மூன்றில் எதுவுமன்று. அது வலிமை என்பதாகவே இருந்தது.

ஆங்கிலத்தின் உறவுமொழிகள் இதற்குச் சாட்சி. ஜேர்மன் மொழியிலும் சுவீடிஷ் மொழியிலும் 'கிராஃப்ட்' என்றால் இன்றும் விசை, வலு, சக்தி என்றே பொருள். ஜேர்மானியர் மின்நிலையத்தைக் 'கிராஃப்ட்வேர்க்' என்பார்கள். நியூட்டனின் விதிகளைக் கற்கும் ஜேர்மன் மாணவன் விசை என்பதற்கு இச்சொல்லையே எழுதுகிறான். டச்சு மொழியில் இது 'கிராக்ட்' என்று சற்றே திரிந்தாலும் பொருள் மாறவில்லை. ஒரே வேரிலிருந்து கிளைத்த இம்மொழிகளுள் வலிமையைத் திறமையாக மாற்றிக்கொண்டது ஆங்கிலம் மட்டுமே.

பழைய ஆங்கிலத்தின் பெருங்காவியமான 'பியோவுல்ஃப்' தன் நாயகனின் கைப்பிடியில் முப்பது ஆடவரின் வலிமை இருந்ததாகச் சொல்கிறது. அந்த இடத்தில் கவிஞன் பயன்படுத்தும் சொல் 'மேயன்கிராஃப்ட்'. மேயன் என்பதும் வலிமை, கிராஃப்ட் என்பதும் வலிமை. ஒருபொருட் பன்மொழி. 11ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி நிகழ்வுகளைப் பதிந்த ஆங்கிலோ-சாக்சன் நாளாகமம், நோர்வே மன்னன் மாக்னஸிடம் பெரும் 'கப்பல் கிராஃப்ட்' இருந்ததாகக் கூறும்போது, அது கப்பல் கட்டும் கலையைக் குறிக்கவில்லை. அவனது கடற்படை வலிமையைக் குறித்தது.

அதே காலத்திலேயே இச்சொல் உடலைவிட்டு அறிவின் பக்கமும் நகர்ந்துவிட்டது. எழுத்தோடு சேர்ந்து அது இலக்கணமாயிற்று. எண்ணோடு சேர்ந்து கணிதமாயிற்று. விண்மீனோடு சேர்ந்து வானியலாயிற்று. வைத்தியனோடு சேர்ந்து மருத்துவமாயிற்று. சொல்லோடு சேர்ந்து கவிதைத் திறமாயிற்று. இலக்கணம் கற்றவனும் மருந்து அறிந்தவனும் ஒருவகையில் வலியவர்களே என்று அம்மக்கள் கருதினார்கள் போலும்.

இச்சொல்லை மிக உயரத்திற்கு ஏற்றிவைத்தவர் ஆல்ஃபிரட் மன்னர். 871 முதல் 899 வரை வெஸெக்ஸை ஆண்ட அவர், டேனியரோடு போரிட்டு நாட்டைக் காத்ததுடன் லத்தீன் நூல்களைத் தம் மக்களின் மொழிக்குக் கொண்டுவரும் பெரும்பணியையும் தொடங்கிவைத்தார். சிறையிலிருந்தவாறு போத்தியஸ் என்ற உரோமானியர் 6ஆம் நூற்றாண்டில் எழுதிய மெய்யியல் நூலொன்றின் பழைய ஆங்கில ஆக்கம் அவற்றுள் ஒன்று. அது மன்னரின் கைப்பட அமைந்ததா என்பதில் அண்மைக்கால ஆய்வாளர் சிலருக்கு ஐயம் உண்டு. எவர் எழுதியதாயினும், லத்தீனில் 'விர்ட்டூஸ்' என்று வரும் அறப்பண்பைக் குறிக்க அந்த ஆசிரியர் தேர்ந்தெடுத்த சொல் கிராஃப்ட். விவேகம், நிதானம், துணிவு, நீதி என்னும் நான்கும் அங்கே கிராஃப்ட்டுகளாகவே வருகின்றன. விர்ட்டூஸ் என்பதும் ஆண்மை, வீரம் என்று தொடங்கி அறம் என்று முதிர்ந்த சொல்தான். மொழிபெயர்ப்பாளர் அதை நன்கு உணர்ந்திருக்க வேண்டும்.

அந்நூலில் லத்தீன் மூலத்தில் இல்லாத ஒரு பகுதி உண்டு. கருவியும் மூலப்பொருளும் இல்லாமல் எவரும் தம் கிராஃப்ட்டைக் காட்ட முடியாது என்று அங்கே மன்னன் பேசுகிறான். அரசனுக்குக் கருவி எது? செபிப்போர், போரிடுவோர், உழைப்போர் ஆகிய மூவகை மக்களே அவனது கருவிகள். அவர்களை வாழவைக்க நிலமும் உணவும் உடையும் ஆயுதமும் வேண்டும். இவையெல்லாம் இருந்தும் ஞானம் இல்லையென்றால் எந்தக் கிராஃப்ட்டும் விரைவில் மூப்படைந்து ஓசையற்றுப் போகும் என்கிறான். அரசாட்சியைத் தச்சனின் தொழிலுக்கு நிகராக வைத்துப் பேசும் பகுதி இது. மன்னனின் ஆளும் ஆற்றலுக்கும் கொல்லனின் கைத்திறனுக்கும் ஒரே சொல் இருந்ததால்தான் இந்த ஒப்பீடு அங்கே இயல்பாக அமைந்தது.

அடுத்த நூற்றாண்டின் இறுதியில் ஏல்ஃப்ரிக் என்ற துறவி சிறுவர்களுக்கு லத்தீன் கற்பிக்க ஓர் உரையாடலை எழுதினார். உழவனும் இடையனும் மீனவனும் வேடனும் கொல்லனும் தச்சனும் வந்து தத்தம் தொழிலைச் சொல்லுகிறார்கள். லத்தீன் வரிகளுக்கு மேலே பின்னர் எழுதப்பட்ட ஆங்கிலச் சொற்பொருளில் தொழில் என்பது கிராஃப்ட். எது தலைசிறந்தது என்ற வழக்கு எழுகிறது. இறைபணிக்கு அடுத்ததாக உழவே முதலிடம் பெறும் என்று அறிவாளர் ஒருவர் தீர்ப்புச் சொல்ல, கொழு எங்கிருந்து வந்தது என்று கொல்லன் வாதிக்கிறான், தச்சனும் விடுவதாயில்லை. ஈற்றில் ஒவ்வொருவரும் தம் தொழிலால் மற்றவருக்கு உதவி இணக்கமாக வாழுமாறு சொல்லப்படுகிறது. திருக்குறளின் உழவு அதிகாரத்தை அறிந்த நமக்கு இந்த வழக்கு புதிதன்று. ஆனால் அங்கே உழவன் சொல்லும் ஒரு செய்தி மனத்தை உறுத்தும். தன் உழைப்பு மிகக் கடினமானது என்கிறான். அதற்கு அவன் தரும் காரணம், தான் சுதந்திரமானவன் அல்லன் என்பது. தலைசிறந்த கிராஃப்ட் உடையவன் அடிமை! ஒரு சொல் எவ்வளவு உயர்ந்ததாயினும் அதனை உடையவனின் நிலையை அது உயர்த்திவிடாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

1066இல் நோர்மானியர் இங்கிலாந்தை வென்றனர். ஆள்வோரின் மொழி பிரெஞ்சு ஆயிற்று. படிப்படியாக அதிகாரத்திற்குப் 'பவர்', வலுவுக்குப் 'ஃபோர்ஸ்', அறத்திற்கு 'வெர்ச்சூ', கலைக்கு 'ஆர்ட்' என்று உயர்ந்த இடங்களிலெல்லாம் பிரெஞ்சுச் சொற்கள் அமர்ந்துகொண்டன. கிராஃப்ட் பட்டறைக்குள் ஒதுங்கியது. அங்கே அது மதிப்போடுதான் வாழ்ந்தது. நகரங்களின் தொழிற்சங்கங்களுக்கே கிராஃப்ட் என்று பெயர் வழங்கிற்று. யோர்க் நகரில் அச்சங்கங்கள் விவிலியக் கதைகளை நாடகங்களாக ஆண்டுதோறும் தெருக்களில் நிகழ்த்தின. நோவாவின் பேழை கட்டும் காட்சி கப்பல் கட்டுவோருக்கு. இறுதி இராப்போசனம் ரொட்டி சுடுவோருக்கு. இயேசுவைச் சிலுவையில் அறையும் காட்சி ஊசி செய்வோருக்கு. தொழிலே ஒருவனுக்கு வேதத்திலும் ஓர் இடத்தைத் தந்தது. 14ஆம் நூற்றாண்டில் சோசர், வாழ்வின் குறுமையையும் கலையின் நெடுமையையும் பற்றிய ஹிப்போகிரட்டஸின் முதுமொழியைத் தம் கவிதையொன்றின் தொடக்கத்தில் எடுத்தாண்டபோதும், கலை என்ற இடத்தில் கிராஃப்ட் என்றே எழுதினார்.

அதன் பின்னர் இருட்டும் தொடங்கியது. திறமை என்ற பொருளின் நிழலாக வஞ்சகம் என்ற பொருள் வளர்ந்தது. 1611இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில் இரண்டும் அருகருகே கிடக்கின்றன. மாற்கு 14ஆம் அதிகாரத்தில் இயேசுவைப் பிடிக்க ஆசாரியர்கள் தேடும் வழி கிராஃப்ட்; அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரத்தில் பவுல் கூடாரம் செய்து பிழைக்கும் தொழிலும் கிராஃப்ட். தமிழ் வேதாகமம் முன்னதைத் தந்திரம் என்றும் பின்னதைத் தொழில் என்றும் பிரித்துச் சொல்கிறது. ஆங்கிலத்தில் சதிக்கும் நேர்மையான உழைப்பிற்கும் ஒரே பெயர்.

17ஆம் நூற்றாண்டில் ஆட்சித் திறனைக் குறிக்க 'ஸ்டேட்கிராஃப்ட்' என்ற சொல் புழக்கத்திற்கு வந்தது. சூனியத்தைக் குறிக்கும் 'விட்ச்கிராஃப்ட்' அதற்கு முன்பே சட்டப் புத்தகத்தில் ஏறியிருந்தது. 1542, 1563, 1604 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கின. 1736இல்தான் அந்நிலை நீங்கியது. இங்கிலாந்தில் அவ்வாறு குற்றஞ்சாட்டப்பட்டோருள் மிகப் பெரும்பான்மையினர் பெண்கள். அரண்மனையில் இருப்பவனின் மறைவான ஆற்றல் அரசியல் மதிநுட்பம் எனப்பட்டது. குடிசையில் இருப்பவளிடம் இருந்ததாக அயலவர் அஞ்சிய ஆற்றல் தூக்குமேடைக்கு வழிகாட்டியது. இரண்டு சொற்களுக்கும் வால் ஒன்றே. படகு என்ற பொருளும் இந்த நூற்றாண்டைச் சேர்ந்ததே. சிறு கலங்களைக் குறித்த ஒரு தொடர் குறுகியதால் அது பிறந்தது என்பார்கள். பின்னாளில் வானூர்தியும் விண்கலமும் அதே பெயரைப் பெற்றன.

திறமை ஏன் வஞ்சகமாகிறது? தமிழிலும் இதே பாதை தெரிகிறது. வல் என்னும் அடி வலிமையைத் தருகிறது, வல்லுநரையும் தருகிறது. கெட்டி என்றால் உறுதி. ஈழத்தில் நாம் பிள்ளையைக் கெட்டிக்காரன் என்று பாராட்டுவது அவன் உடல் உறுதியை அன்று. வள்ளுவர் காலத்தில் சூழ்ச்சி என்பது ஆழ்ந்த ஆலோசனை. இன்று அது சதி. திருமந்திரம் ஒன்பது தந்திரங்களாக வகுக்கப்பட்ட நூல். இன்று தந்திரக்காரன் என்பது வசை. ஆங்கிலத்தில் 'கன்னிங்' என்ற சொல்லும் அறிவு என்று தொடங்கி வஞ்சகம் என்று முடிந்ததே. தோளின் வலிமை கண்ணுக்குத் தெரியும். அதற்கு எதிரே நிற்கலாம், அல்லது விலகி ஓடலாம். கைக்குள்ளும் தலைக்குள்ளும் இருக்கும் வலிமை கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாத வலிமையை மனிதர் முதலில் வியக்கிறார்கள், பின்னர் ஐயுறுகிறார்கள். அவ்வலிமை தங்களிலும் கீழானவனிடம் இருக்குமானால் அந்த ஐயம் விரைவிலேயே ஏச்சாகிவிடுகிறது.

19ஆம் நூற்றாண்டில் இயந்திரங்கள் கைத்தொழிலை விழுங்கியபோது இச்சொல்லை மீட்க முயன்றவர்களுள் வில்லியம் மொறிஸ் முதன்மையானவர். 1887இல் இலண்டனில் தோன்றிய கலை-கைவினைக் கண்காட்சிச் சங்கம் கலையையும் கிராஃப்ட்டையும் மீண்டும் ஒரே வரியில் நிறுத்தியது. மொறிஸ் தம் கெல்ம்ஸ்கொட் அச்சகத்தில் கையால் அச்சிட்ட சோசரின் தொகுப்பு 1896இல் நிறைவுற்றது. அந்நூலை அச்சிட்ட அதே கைப்பொறியில்தான் கொழும்பிற் பிறந்த தமிழரான ஆனந்த குமாரசுவாமி, கண்டியக் கம்மாளரின் கலைகளைப் பற்றிய 'இடைக்காலச் சிங்களக் கலை' என்ற தம் பெருநூலை 1908இல் அச்சிட்டு முடித்தார். வெளியானவை 425 பிரதிகள். அழிந்துகொண்டிருந்த கைகளின் அறிவை, கைகளாலேயே அச்சிட்டுக் காக்க அவர் விரும்பினார்.

நான் பத்திரிகைத் தொழிலுக்குள் நுழைந்த காலத்தில் ஈய எழுத்துகளைக் கோர்த்த அச்சுக்கோப்பாளர்கள் இருந்தார்கள். தலைகீழான எழுத்தை நம்மைவிட விரைவாக வாசிப்பார்கள். 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் அச்சுத்தாளும் இல்லாத ஆண்டுகளில், கோடிட்ட கொப்பித் தாளிற் பத்திரிகைகள் வெளிவந்தன. ஓர் எழுத்து அச்சுப்பெட்டியிற் தீர்ந்துபோனால் வேறு சொல் தருமாறு ஆசிரியபீடத்திடம் கேட்பார்கள். பெரும்பாலும் அவர்கள் முன்மொழியும் சொல்லே பொருத்தமாக இருக்கும். கருவியும் மூலப்பொருளும் இல்லாமல் கிராஃப்ட்டைக் காட்ட முடியாது என்ற பழைய மன்னனின் வாதத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இவர்களே நினைவுக்கு வருகிறார்கள். குறைந்த கருவியோடும் மிகக் குறைந்த மூலப்பொருளோடும் அவர்கள் காட்டினார்கள். அக்காலத்தில் வலிமை என்றால் ஆயுதம் என்றே எல்லோரும் பொருள்கொண்டிருந்தோம். அச்சுக்கோப்பாளரை வலியவர் என்று எவரும் சொன்னதில்லை. கணினி வந்தபின் அவர்களைத் தேடியவரும் அதிகமில்லை. அவர்களுக்குப் பொருந்தும் சொல் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஆங்கிலத்தில் இருந்தது. இன்றைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் இருக்கிறது. அந்தப் பொருள் இல்லை.