வேஷம் கலைத்த பிறகு

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட சீமையில், வேனில் பிறந்துவிட்டால் ஏதேனும் ஓர் ஊரில் திரௌபதியம்மனுக்குக் கொடியேறியிருக்கும் என்பதும், பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்துமாக நாட்கள் கழிந்து, துரியோதனனை மண்ணால் சமைத்துக் கிடத்திப் படுகளம் முடித்துத் தீமிதியோடு அவ்வைபவம் நிறைவெய்தும் என்பதும் இப்பக்கத்தாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. துகில் உரிதல் நடக்கும் இரவில், பகலெல்லாம் ஏர் பிடித்தோ சுமை தூக்கியோ பிழைக்கும் ஓர் ஆண்மகன், அரிதாரம் பூசிப் புடவை கட்டிப் பாஞ்சாலியாய் வந்து நின்று விரித்த கூந்தலோடு சபதம் உரைக்கையில், சனங்கள் கற்பூரம் ஏற்றிக் கைகூப்புவதைப் பார்த்திருக்கிறேன். அந்நேரத்தில் அவரை ஆண் என்று எண்ணுகிறவர் அங்கே ஒருவரும் இரார். விடிந்ததும் வேஷத்தைக் கலைத்துவிட வேண்டும் என்பது மட்டுமே சமூகம் அவருக்கு விதித்த நிபந்தனை. கலைக்க மாட்டேன், கலைப்பதற்கு இதில் வேஷமே இல்லை என்று ஒருவர் சொல்லிவிட்டாலோ, இரவெல்லாம் பொங்கிய அந்த பக்தி போன இடம் தெரிவதில்லை.

அ. ரேவதி என்னும் திருநங்கை எழுத்தாளரின் சரிதை இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. நாமக்கல் பக்கத்துக் கிராமமொன்றில் பிறந்து, மாரியம்மன் திருவிழாவில் குறத்தி வேஷம் கட்டி ஆடியபோது ஊராரின் மெச்சுதலையும், அதே நளினம் அன்றாட நடையில் தெரிந்தபோது வீட்டாரின் அடியையும் பெற்றவர் அவர். டில்லிக்கும் பம்பாய்க்கும் ஓடி, பின்னர் பெங்களூரில் ‘சங்கமா’ அமைப்பில் பணிபுரிந்து, தம்மவர் பலரின் வாய்மொழிகளைக் கேட்டு 2004-இல் ‘உணர்வும் உருவமும்’ என்ற நூலாகத் தொகுத்தார். தம் கதையையும் தமிழிலேயே எழுதினார். எனினும் அது வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் 2010-இல் ஆங்கில நூலாக முதலில் வெளிவந்து, அதன் பிறகே ‘வெள்ளை மொழி’ என்னும் பெயரோடு தமிழ் வாசகரின் கைக்கு வந்தது. நமக்கு இது கௌரவமான செய்தி அன்று.

2019-ஆம் ஆண்டில், நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழக நூலகத்தின் முகப்பில், ஹோமர், சோபகிளீஸ், பிளேட்டோ முதலிய ஆடவர் நாமங்கள் கல்லில் பொறிக்கப்பட்ட வரிசைக்கு மேலே, பெண் எழுத்தாளர் எண்மரின் பெயர்கள் தாங்கிய நீண்ட துணியொன்றை மாணவர்கள் முயன்று தொங்கவிடச் செய்தனர். அந்த எண்மரில் ரேவதி ஒருவர். குளோரியா அன்சால்துவா இன்னொருவர். மெக்ஸிகோ வழிவந்த அமெரிக்கப் பெண்டிர் தம்மைச் சிகானா என்று சொல்லிக்கொள்வர். டெக்ஸாஸ் எல்லைப்புறத்தில் பிறந்த சிகானாக் கவி அன்சால்துவா, கவியும் நாடகாசிரியையுமான செரீ மொராகாவோடு சேர்ந்து 1981-இல் பதிப்பித்த தொகைநூல், நிறத்தாலும் பாலாலும் ஒதுக்கப்பட்ட பெண்கள் தம் வாயாலேயே தம்மைச் சொல்லிக்கொண்ட நூல் என்று பிரசித்தி பெற்றது.

மொராகாவின் நாடகங்களுள் 1992-இல் அரங்கேறிய ஒன்று, நம் பக்கத்தாருக்கு விசேஷமாய்ப் புரியும் என்பது என் அபிப்பிராயம். கலிபோர்னியாவின் வயற்காட்டில் தெளித்த பூச்சிமருந்து தாயின் வயிற்றில் ஏறியதால், உடலே இல்லாமல் சிரம் மட்டுமாய்ப் பிறந்த ஒரு பெண் அதன் நாயகி. தன் சனங்களின் பிணங்களைப் பார்த்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருக்கிறாள் அவள். களப்பலியாகித் தலை மட்டும் எஞ்சி, பாரதப் போரைப் பார்த்திருந்த அரவானை, கூத்தாண்டவர் என்று சிரமாகவே வைத்துக் கும்பிடுகிறவர்கள் நாம். உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே கூவாகத்தில், சித்திரைப் பௌர்ணமி இரவில் அவனுக்காகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அதை அறுத்து வளையல் உடைத்து வெள்ளைப் புடவை உடுத்தும் திருநங்கையரின் ஒப்பாரி அரவானுக்கு மட்டுமானது என்று, அதைக் காதால் கேட்ட எவரும் சொல்லமாட்டார். விழுப்புரத்தில் அவ்வாரம் நடக்கும் அழகிப் போட்டியின் படங்கள் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாய் வருகின்றன; ஒப்பாரியில் என்ன சொல்லி அழுதார்கள் என்பது வருவதில்லை.

அந்த ஒப்பாரியின் சொற்களைப் பிறர் கேட்கச் செய்தவர் ரேவதி. அ. மங்கையின் நெறியாள்கையில் ‘வெள்ளை மொழி’ தனிநபர் நாடகமானபோது, எழுதியவரே மேடையேறினார். பிறர் துயரத்தை அபிநயிப்பதற்குத் தூரம் வேண்டும். கூத்துக்காரருக்கு அந்தத் தூரம் அரிதாரத்திலும் பாட்டிலும் கிடைத்துவிடுகிறது. தன் தழும்பைத் தானே காட்டி நடிக்கிறவர் அதை எங்கிருந்து சம்பாதிப்பார் என்பது நாடகக் கலையில் கடினமான கேள்விகளுள் ஒன்று. நடிப்பு சற்றே மிகுந்தால் இரக்கம் கேட்பதாகிவிடும், குறைந்தால் வாக்குமூலமாகிவிடும்.

திண்டிவனத்தை அடுத்த ஏதாவதொரு சிற்றூரில், துகில் உரிதலுக்கு மறுநாள், அதே களத்தில் இந்நாடகம் நடக்க வேண்டும் என்பது என் ஆசை. முன்வரிசையில் துண்டை விரித்து அமரும் கிழவர்கள் அதற்கு இணங்குவார்களோ என்னவோ. ஆனால் ஓர் அழுகையை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதை ஐம்பது வருஷம் கூத்துப் பார்த்தே கற்றவர்கள் அவர்கள், அந்த விஷயத்தில் நகரத்து விமரிசகரை விட ரேவதிக்கு அவர்களே தக்க பரீட்சகர்கள்.